நிரப்பியவருக்கே முதல் மூச்சு

அத்தியாயம் 17

ஞாயிற்றுக்கிழமை கடற்கரைப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டேன் என்று நான் சபதம் போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். சிதம்பரத்தில் அண்ணன் வீட்டு வாசலில், செருப்பை மாட்டிக்கொண்டே போட்ட சபதம் அது. அண்ணி சந்திரலேகா நீட்டிய காபியைக்கூட வாங்காமல் பஸ் ஏறிக் கடலூர் வந்து சேர்ந்தேன்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொல்லும்போதே எனக்கு ரத்தம் கொதிக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் என் வீட்டுக்காரர் ராபர்ட்டும் தேவனாம்பட்டினத்தில் ஸ்கூபா டைவிங் கடை வைத்திருக்கிறோம். கடலுக்கு அடியில் மூச்சு விட்டபடி நீந்தக் கற்றுக்கொடுப்போம். படகில் அழைத்துப் போவோம். அதற்கு வேண்டிய சாமான்களை விற்போம், பழுதும் பார்ப்போம். என் அண்ணன் கதிர்வேலுக்கு ஒரே மகள், அனுப்பிரியா. கடல் உயிரியல் படிக்கிறாள். படிப்புக்காக அவள் கடலுக்குள் இறங்கியாக வேண்டும்.

அத்தைக்காரி இதே தொழிலில் இருக்கிறாள். அப்படியிருக்க அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? மூன்று வாரம் முன்பு அனுவைக் கடைக்கு அழைத்து வந்தார். ஒன்றரை மணி நேரம் அவள் முகத்தில், கண்ணையும் மூக்கையும் மூடும் டைவிங் மாஸ்க்குகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, எது மூக்கோரம் இடைவெளி இல்லாமல் ஒட்டுகிறது என்று நான் கண்டுபிடித்துக் கொடுத்தேன். "பாத்துட்டுச் சொல்றோம் எழிலு" என்று கிளம்பிப் போனார். போய், பார்ப்பதற்கு அதே போல இருந்த வேறொரு மாஸ்க்கை ஆன்லைனில் வாங்கினார். செல்போனில் பாதி விலை என்று விளம்பரம் போடும் ஒரு வெளியூர்க் கம்பெனியில் மகளைச் சேர்த்தும் விட்டார். பதினோரு பேரைப் பிடித்துக் கொடுத்தால் பன்னிரண்டாவது ஆளுக்கு இலவசமாம். கீரப்பாளையத்தில் தன்னோடு வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளை எல்லாம் பேசிப் பேசிச் சேர்த்தார். இலவசமாகப் போகிற அந்தப் பன்னிரண்டாவது ஆள் அனு.

கேட்டதற்கு, சொந்தத்துக்குள் வியாபாரம் வைத்துக்கொண்டால் மனஸ்தாபம் வரும் என்று பதில் சொன்னார். இப்போது மட்டும் என்ன வந்ததாம்?

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

நான் கடற்கரைக்குப் போகவில்லை. கடற்கரை என் வாசலுக்கு வந்தது. காலை எட்டு மணிக்கு ஒரு வேன் கடை முன்னால் நின்றது. அந்தத் தெருவிலேயே எங்கள் கடைக்கு முன்னால்தான் தகரக் கொட்டகை போட்டு நிழல் இருக்கிறது. வேனிலிருந்து முதலில் இறங்கியவர் அண்ணன். புதுச் சட்டை, கறுப்புக் கண்ணாடி.

"எழிலு, பாத்ரூம் சாவி குடு. புள்ளைங்க சிதம்பரத்துலேர்ந்து அடக்கிக்கிட்டு வருதுங்க."

கொடுத்தேன். என்ன செய்வது? தங்கச்சி கடையில் பணம் கொடுத்து டைவிங் போவது கௌரவக் குறைச்சல். ஒன்றுக்குப் போவது மட்டும் குறைச்சல் இல்லை. பன்னிரண்டு பேரும் வரிசையாகப் போய் வந்தார்கள். இரண்டு பேரின் தாய் தகப்பன் வேறு கூட வந்திருந்தார்கள், அவர்களும் போனார்கள். ராபர்ட் கொல்லைப்புறத்தில் படகு இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர்த் தொட்டி காலியாவதைப் பார்த்து எழுந்து போய் மோட்டாரைப் போட்டார்.

அதற்குள் கம்பெனியின் ஆள் ஜெயப்பிரகாஷ், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், பன்னிரண்டு காற்றுச் சிலிண்டர்களையும் வேனிலிருந்து இறக்கி என் கொட்டகை நிழலில் அடுக்கிவிட்டார். வெயிலில் வைக்கக் கூடாது பாருங்கள் மேடம் என்று எனக்கே விளக்கம் வேறு. படகு பத்து மணிக்கு வருமாம். அதுவரை இங்கேதான் டேராவாம்.

நான் உள்ளே போய்க் கணக்கு நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு எழுத்தும் தலையில் ஏறவில்லை.

எட்டு வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். சளி பிடித்த ஆளைக் கடலில் இறக்கினால் காது கிழியும் என்று நெல்லிக்குப்பத்துக்காரர் ஒருவரைத் திருப்பி அனுப்பினேன். அவர் போய், மரியாதை தெரியாத கடை என்று இன்டர்நெட்டில் எழுதி ஒரு நட்சத்திரம் போட்டார். தண்ணீர் கலங்கலாக இருக்கும் நாளில் போகாதீர்கள் என்று சொல்லி என் வருமானத்தை நானே கெடுத்துக்கொள்வேன். இந்தக் கடலில் யாராவது மூழ்கினால் முதலில் ராபர்ட்டுக்குத்தான் போன் வரும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் கையை உதறிவிட்டு ஓடுவார். ஒருவரையும் ஒரு பைசா கேட்டதில்லை. பாதி விலைக்காரன் அந்த நேரத்தில் எந்த ஊரில் இருப்பான்? இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னால், "நீ ஜாஸ்தி பேசற" என்பார்.

அனு உள்ளே வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் மாஸ்க்கை மட்டும் நீட்டினாள். நேற்று காலேஜ் நீச்சல் குளத்தில் போட்டுப் பார்த்தாளாம், தண்ணீர் உள்ளே வருகிறதாம். வராமல் என்ன செய்யும்? அது அகன்ற முகத்துக்குச் செய்தது, இவளுக்குக் கூர் முகம். அவளுக்கென்று அன்று எடுத்துவைத்த மாஸ்க் இன்னும் அலமாரியில்தான் இருந்தது. எடுத்து அவள் முகத்தில் மாட்டி வாரை இழுத்துவிட்டேன்.

"அப்பாகிட்ட சொன்னேன் அத்த, உங்ககிட்டயே போறேன்னு" என்றாள் மெதுவாக. "கேக்கல."

கோபம் பாதி இறங்கிவிட்டது எனக்கு. அந்தப் பாதி இறங்கியதால்தான் வெளியே வந்து அவளுடைய சிலிண்டர் எது என்று கேட்டேன். ஓரத்தில் இருந்த மஞ்சள் சிலிண்டரைக் காட்டினாள்.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. ராபர்ட் ஏற்படுத்திய பழக்கம். முதலில் வால்வைத் திறந்து ஒரு வெள்ளைத் துணியில் காற்றை அடித்துப் பார்ப்போம். துணி வெள்ளையாகவே இருந்தால், சிலிண்டரை நிரப்பியவர் அதிலிருந்து முதல் மூச்சை இழுக்க வேண்டும். டைவ் போகிறவரின் கண்ணெதிரில் இழுக்க வேண்டும். ராபர்ட் நிரப்பினால் ராபர்ட், நான் நிரப்பினால் நான். கலெக்டரே டைவ் வந்தாலும் சரி, அவசரம் என்று குதித்தாலும் சரி, இது நடக்காமல் சிலிண்டர் கடையை விட்டுப் போகாது. வெளிக்காற்றை இழுத்துச் சிலிண்டரில் அடைக்கும் எங்கள் கம்ப்ரசரின் உறிஞ்சு குழாய் கூரைக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில் ஒரு கம்பத்தின் உச்சியில் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் குப்பை கொளுத்தினால்கூட ராபர்ட் நிரப்புவதை நிறுத்திவிடுவார்.

துணியைப் பிடித்து அனுவின் சிலிண்டர் வால்வைத் திறந்தேன். துணியில் வெளிர் பழுப்பாக ஒரு கறை விழுந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். வண்டிப் புகை நாற்றம்.

ஜெயப்பிரகாஷைக் கூப்பிட்டு இதை எங்கே நிரப்பினீர்கள் என்று கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. அதில் ஒளிக்க ஏதாவது இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. குறிஞ்சிப்பாடி பக்கம் ஒரு குடோனாம். பெட்ரோல் இன்ஜினில் ஓடும் சின்ன கம்ப்ரசராம். வழக்கமாக வெளியே வைத்துத்தான் ஓட்டுவார்களாம். நேற்று திடீரென்று கோடை மழை பிடித்துக்கொண்டதால் உள்ளே இழுத்துப் போட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நிரப்பினார்களாம்.

 இன்ஜின் கக்கிய புகையை அதே அறையில் கம்ப்ரசர் இழுத்து, பன்னிரண்டு சிலிண்டருக்குள்ளும் அழுத்தி அடைத்திருக்கிறது. நாற்றம் அடிப்பதுகூடப் பரவாயில்லை. நாற்றமே இல்லாத விஷவாயு ஒன்று அந்தப் புகையில் உண்டு. கரையில் இழுத்தால் தலை வலிக்கும், மயக்கம் வரும். கடலுக்கு அடியில் அழுத்தம் கூடக் கூட விஷமும் கூடும். அங்கே மயங்கினால் வாயில் இருக்கும் குழாய் நழுவிவிடும். பிறகு ராபர்ட்டுக்குத்தான் போன் வரும்.

இத்தனையையும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். ஒருத்தரும் இன்று இறங்கக் கூடாது என்றேன்.

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெற்றவர்கள் அண்ணனைப் பார்த்தார்கள். அங்கேதான் அண்ணனுக்குச் சுருக்கென்று தைத்தது. சேர்த்துவிட்டவர் அவர்தானே. நாளைக்கு ஆபீஸில் தலை காட்ட வேண்டுமே.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உனக்கு வயிறு எரியுது எழிலு. அதான் சங்கதி. உன் கடைக்கு வரலன்னு ஊரையே பயமுறுத்துற. நல்லா இருக்குற புள்ளைங்கள நாலு பேர் எதிர்ல அழ வெக்கிற. இது ஒரு பொழப்பா?"

நாலு பேர் எதிரில் சொன்னார். என் கடை வாசலில், என் நிழலில் நின்றுகொண்டு, என் பாத்ரூம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். எனக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. அழுகை வந்திருந்தால் தேவலை, வரவில்லை.

"அப்டின்னா எங்க கடை வழக்கப்படி செய்யுங்க" என்றேன் ஜெயப்பிரகாஷிடம். "ரொப்புனது நீங்க. இந்தப் பொண்ணு எதிர்ல உக்காந்து மொதல்ல நீங்க மூச்சு இழுங்க."

அவர் சிரித்தார். இப்போதுதான் நாலு இட்லி சாப்பிட்டேன் மேடம் என்றார். காற்றுதானே, அதில் என்ன டெஸ்ட் என்றார். கையை மட்டும் சிலிண்டர் பக்கம் கொண்டு வரவில்லை. நான் விடவில்லை. மூச்சுக் குழாயை வால்வில் மாட்டி அவரிடம் நீட்டினேன். இழுங்கள், இழுத்துவிட்டால் நானே படகு வரைக்கும் தூக்கி வருகிறேன் என்றேன்.

"அவரு என்னாத்துக்கு? நான் இழுக்குறேன்" என்றார் அண்ணன்.

கடை வாசலில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார். வால்வில் மாட்டியிருந்த குழாயின் முனையை வாயில் வைத்துக்கொண்டு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். அனுகூடச் சிரித்துவிட்டுச் செல்போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தாள்.

வேண்டாம் அண்ணா என்று ஒரு தடவை சொன்னேன். அவர் கையால் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் பதினாறு வாரமாக அண்ணன் செய்த ஒவ்வொன்றையும் உங்களிடம் ஒப்பித்துவிட்டு, நான் செய்ததை மட்டும் மறைத்தால் நான் என்ன மனுஷி?

ஒரு மூச்சு போதும். எங்கள் பழக்கத்தில் ஒரே ஒரு மூச்சுதான். அண்ணன் வீம்புக்கு நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது மூச்சிலேயே நான் குழாயைப் பிடுங்கியிருக்க வேண்டும். பிடுங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கடைக்குள்ளே சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது ஐந்து. தலைவலி வரட்டும், வாந்தி வரட்டும், இத்தனை பேர் எதிரில் என்னைச் சொன்னதற்கு இத்தனை பேர் எதிரிலேயே வரட்டும் என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன். அவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டியபோது இன்னும் கொஞ்ச நேரம் இழு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஒன்பது பன்னிரண்டுக்கு நெற்றியைத் தேய்த்தார். அப்போதும் நான் நகரவில்லை.

ஒன்பது பதினாறுக்கு நாற்காலியோடு சாய்ந்தார்.

கூட்டம் அலறியதில் ராபர்ட் கொல்லையிலிருந்து கிரீஸ் கையோடு ஓடிவந்தார். ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். குழாயைப் பிடுங்கி எறிந்தார், அண்ணனைத் தூக்கிக் காற்றோட்டமான இடத்தில் படுக்க வைத்தார், "ஆக்ஸிஜன்" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். ராபர்ட் கத்தி நான் கேட்டதே இல்லை. கடைக்குள் ஒரு சிவப்புப் பெட்டியில் அவசரத்துக்கென்று ஆக்ஸிஜன் வைத்திருக்கிறோம். மூன்று வாரம் முன்பு அண்ணன் அதைப் பார்த்து, இந்த மாதிரி ஷோ காட்டித்தான் விலையை ஏற்றி வைத்திருக்கிறீர்கள் என்று கிண்டல் அடித்தார். அந்தப் பெட்டியைத் திறந்து அதிலிருந்த ஆக்ஸிஜன் மாஸ்க்கைத்தான் அவர் முகத்தில் வைத்து அழுத்தினேன்.  இரண்டு முறை வாந்தி எடுத்தார். புதுச் சட்டை நாசமானது. அனு தரையில் உட்கார்ந்து அப்பா அப்பா என்று அவர் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஆம்புலன்ஸ் வரும் வரை ராபர்ட் சும்மா இருக்கவில்லை. வேனில் சிலிண்டர்களை ஏற்ற ஆரம்பித்திருந்த ஜெயப்பிரகாஷின் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கி வால்வைத் திறந்துவிட்டார். அது சீறிக்கொண்டு காலியானது. பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது. மதியம் பரங்கிப்பேட்டையில் இன்னொரு குரூப் இருக்கிறது, போலீசுக்குப் போவேன், நஷ்டஈடு கேட்பேன் என்று அந்த ஆள் குதித்தார். ராபர்ட் பதினொன்றையும் திறந்துவிட்டார். அனுவின் மஞ்சள் சிலிண்டரை மட்டும் மூடி, கறைபட்ட துணியோடு சேர்த்துக் கடைக்குள் வைத்துப் பூட்டினார். போலீஸ் வந்தால் காட்ட வேண்டுமே.

அரசு மருத்துவமனையில் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, விஷவாயு ஏறியிருப்பது உண்மைதான் என்றார். உடனே ஆக்ஸிஜன் கொடுத்ததால் பிழைத்தார், இரண்டு நாள் இருக்கட்டும் என்றார். இது கடலுக்கடியில் நடந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், அனு நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பதினோரு மணிக்கெல்லாம் செய்தி கீரப்பாளையம் வரைக்கும் போய்விட்டது. பிள்ளைகளின் அப்பாக்கள் வரிசையாகப் போன் செய்தார்கள். எங்கள் வீட்டு விளக்கைக் காப்பாற்றினீர்கள் என்றார் ஒருவர். இனிமேல் உங்கள் கடைதான், யாரைக் கேட்டாலும் உங்கள் கடையைத்தான் சொல்வேன் என்றார் இன்னொருவர். எட்டு வருஷமாக எந்த வார்த்தைக்காக ஏங்கினேனோ அந்த வார்த்தை. ஒவ்வொரு போனுக்கும் சரிங்க, சரிங்க என்று மட்டும் சொன்னேன். 

பன்னிரண்டு மணிக்கு அண்ணி வந்தார். சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். தலை கலைந்து, ஒரு காலில் வீட்டுச் செருப்பும் இன்னொரு காலில் வேறு செருப்புமாக நின்றார். உள்ளே போய் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க், பேச முடியவில்லை, கண்ணைத் திறந்து மூடினார். அண்ணி வெளியே வந்து என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அந்த மனுஷன் உன்ன என்னென்ன பேசுனாரு. நீ மனசுல ஒண்ணும் வெச்சுக்காம காப்பாத்திக் குடுத்துட்ட. உனக்கு நான் என்னா செய்வேன் எழிலு?"

நான் கையை உருவிக்கொள்ளப் பார்த்தேன். விடவில்லை.

நர்ஸ் கூப்பிட்டதால் அண்ணி மறுபடி உள்ளே போனார். வராந்தா பெஞ்சில் நானும் அனுவும்தான். காலையில் நான் மாட்டிவிட்ட மாஸ்க் இன்னும் அவள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி என் மடியில் வைத்தாள். செல்போனை என் பக்கம் திருப்பினாள். வீடியோ ஓடியது. நாற்காலியில் அண்ணன், கட்டை விரலை உயர்த்திக் காட்டுகிறார். அவருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நான் நிற்கிறேன். அவரை ஒரு தடவை பார்க்கிறேன். கடைக்குள் திரும்பிக் கடிகாரத்தைப் பார்க்கிறேன். அவர் நெற்றியைத் தேய்க்கிறார். நான் மறுபடி கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

"பதினோரு நிமிஷம், அத்த" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "எங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல?"

ஆமாம் என்று தலையை அசைத்தேன். இல்லை என்று எப்படிச் சொல்வது?

"அம்மாகிட்ட நீங்களே சொல்றீங்களா, நான் இதக் காட்டட்டுமா?"

உள்ளேயிருந்து அண்ணி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அண்ணனுக்கு நன்றாகத் தெளிந்துவிட்டதாம், என்னைப் பார்க்க வேண்டும் என்று கை காட்டுகிறாராம்.